வேர்வை நின்ற பிறகு

விஷ வார்டில் இனி நோயாளியின் கையைக் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறதாம். கணேசன் போனில் சொன்னான். எனக்குப் பிறகு அந்த வார்டில் அட்டெண்டராக நிற்பவன்.

"கட்டாம எப்படிண்ணே? ஆறடி ஆளு கட்டில்ல எந்திரிச்சு நின்னு ஃபேன்ல ஏலக்காய் பறிக்கிறான்."

"பிடிச்சுக்கிட்டு நில்லு."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அவன் பறிச்சு முடிக்கிற வரைக்கும்."

சிரித்தான். சிரித்துவிட்டு, நீங்கள் கட்டிய முறையை எழுதிக் கொடுங்கள், ஊழியர் மலரில் போடுவோம், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றான்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. ஐந்தாவதோடு சரி. கட்டுவதைப் பற்றி மட்டும் எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் அதை எழுதினால் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததை எழுத வேண்டும். அதை எழுதினால் என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன்.

எங்கள் மருத்துவமனை மலைமேல் இருக்கிறது. சக்குபள்ளம் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் வந்துவிடலாம். நான் கூட்டுகிற வேலையில் சேர்ந்தேன். பிறகு ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். பிறகு வார்டில் போட்டார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. திட்டு வாங்கி வாங்கித் தெரிந்துகொண்டேன்.

ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிக்காத மாதம் கிடையாது. அதனால் எங்கள் வார்டுக்கும் ஓய்ந்த மாதம் கிடையாது. வருகிறவர்களில் இரண்டு வகை. மருந்தைக் குடித்தவர்கள் ஒரு வகை. குடிக்காதவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு அடிக்கும்போது தோல் வழியாக இறங்கியது. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஊருக்கும் ஒன்றுதான். ஊர் எல்லோரையும் குடித்தவர் என்றே சொல்லும். விஷம் என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் போக வேண்டும், அது சட்டம். போலீஸ் ஜீப் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்து வாசலில் நின்றால் பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது.

முறை இதுதான். ஆள் வந்தவுடன் துணியைக் கழற்ற வேண்டும். தலை வழியாக உருவக் கூடாது, முகத்தில் படும். கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டிய துணியைப் பையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். சோப்பும் தண்ணீரும் போட்டுத் தலைமுடி, காது மடிப்பு, அக்குள், நகக்கண் எல்லாம் கழுவ வேண்டும். கையுறை போட வேண்டும். ஆரம்பத்தில் நான் போடவில்லை. ஒருமுறை நனைந்த சட்டையை வெறுங்கையால் பிழிந்துவிட்டேன். சாயங்காலம் என் வலது கண்ணிமை தானாகத் துடித்தது. நல்ல சகுனம் என்று சமையல்காரர் சொன்னார். டாக்டரம்மா பார்த்தார். போய்த் தலைக்குக் குளித்துவிட்டு அந்தக் கட்டிலில் படுங்கள் என்றார். நோயாளிக்குப் பக்கத்துக் கட்டில்.

கழுவும்போதே ஊசி ஏறும். வந்தவருக்கு வாயில் நுரை, மூக்கில் நீர், கண்ணில் நீர், உடம்பெல்லாம் வேர்வை. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி இருக்கும். அந்த ஊசி ஏற ஏற எல்லாம் காயும். நெஞ்சில் கொறகொறப்பு அடங்கும் வரை போடுவார்கள். அடங்கும்போது சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாததைப் பிடிப்பார்கள், டியூபைப் பிடுங்குவார்கள். அப்போதுதான் கட்டுவோம்.

கயிறு ஆகாது. அகலமான துணிப்பட்டை வேண்டும். மணிக்கட்டில் பஞ்சு சுற்றி, அதன்மேல் பட்டையைச் சுற்றி, முடிச்சைக் கட்டிலின் சட்டத்தில் போட வேண்டும், கையில் போடக் கூடாது. நம் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். முடிச்சுக்கு வெளியே வால் நீளமாகத் தொங்க வேண்டும். வாலை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். வாந்தி வந்தால் ஆளைச் சட்டென்று திருப்பிப் போட அதுதான் வழி. கணேசா, நீ கேட்டது இவ்வளவுதான்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் பாலக்காட்டுக்குத் தென்கிழக்கே, முதலமடைப் பக்கம். வீட்டில் மாந்தோப்பு. கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரிப் பேசுவார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். சத்தம் போட மாட்டார். நோயாளியைத் தொடும் முன்னால் அவர் சட்டையை மோந்து பார்ப்பார். மோந்துவிட்டு, "எங்கூர்ல மாம்பூவுக்கு அடிக்கற அதே சனியன்தானுங்க" என்பார். தப்பு செய்தால் பெயரை மட்டும் சொல்வார். "பொன்னையா." அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

வேர்வையைப் பற்றி ஒரு நம்பிக்கை எங்கள் ஜனங்களிடம் உண்டு. இப்போதும் உண்டு. வேர்வையும் எச்சிலும் வழிந்தால் விஷம் வெளியேறுகிறது என்று அர்த்தம். நின்றுவிட்டால் விஷம் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். சொந்தக்காரர்கள் துண்டால் துடைத்துத் துடைத்து ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். "பாருங்க, எப்படிப் போகுதுன்னு." துண்டு காய்ந்து வந்தால் சாமி கும்பிடுவார்கள். அப்புறம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு கிழவர் நன்றாக வேர்க்கிறார் என்று டாக்டரம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பெயரைச் சொல்லவில்லை. கிழவருக்கு ஊசியைப் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, டியூட்டி அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, விசம் வெளிய போகுதுன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"எல்லாரும் சொல்றதுதான் டாக்டரம்மா."

"அது போறதில்லீங்க. உள்ள சேர்ந்துபோச்சு. சேர்றதுன்னா எப்படின்னு தெரியுமுங்களா? அணு தெரியுமா?"

"குண்டு போடுறது."

சிரித்துவிட்டார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான். மேசையில் சலைன் பாட்டில் இருந்தது. அதைக் காட்டினார்.

"இதுல உப்பு இருக்குதுங்க. உப்புல ரெண்டு அணு. அணுவைச் சுத்தி எலக்ட்ரான்னு பொடிசா ஒண்ணு ஓடிட்டிருக்கும். ஒருத்தன்கிட்ட அது ஒண்ணு கூடுதல். இன்னொருத்தன்கிட்ட ஒண்ணு குறைச்சல். இவன் குடுத்துடறான், அவன் வாங்கிக்கறான். குடுத்தவனும் வாங்குனவனும் ஒருத்தனையொருத்தன் இழுத்துட்டு நிக்கறாங்க. அதுதான் உப்பு. தண்ணிய ஊத்துனீங்கன்னா தண்ணி நடுவுல பூந்து ரெண்டு பேரையும் பிரிச்சுடும். கரைஞ்சிரும்."

"சரி."

"இன்னொரு மாதிரியும் சேருமுங்க. அதுல யாரும் யாருக்கும் குடுக்கறதில்ல. இவன் ஒண்ணு வெக்கறான், அவன் ஒண்ணு வெக்கறான். ரெண்டையும் நடுவுல வெச்சு ரெண்டு பேரும் பிடிச்சுக்கறாங்க. ரெண்டும் ரெண்டு பேருக்கும் சொந்தம். இது தண்ணியில பிரியாது."

எனக்கு நான் பிறந்த தேயிலை எஸ்டேட் லயம் ஞாபகம் வந்தது. வரிசை வீடுகள். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதைச் சொன்னேன்.

"அதேதானுங்க. அந்தச் சுவரு யாருது?"

"ரெண்டு வீட்டுக்கும்."

"இடிச்சா?"

"ரெண்டு கூரையும் இறங்கும்."

"அந்த மாதிரிச் சேர்றதுதான் இந்த விசம்."

பிறகு கை கட்டுகிற துணிப்பட்டையில் இரண்டை எடுத்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். நரம்பு ஒரு சொல் சொல்லும், தசை அதைக் கேட்டு அசையும், சுரப்பி அதைக் கேட்டு நீர் விடும் என்றார். சொல்லி முடித்ததும் அந்தச் சொல்லைத் துடைக்க உடம்பில் ஒரு ஆள் உண்டு. துடைத்தால்தான் அடுத்த சொல் கேட்கும். நீங்கள் பிடித்திருக்கிற பட்டை அந்த ஆள், இது விஷம் என்று தன் பட்டையை என் பட்டையோடு முடிந்தார். அவர் முனை ஒன்று, என் முனை ஒன்று.

"இப்போ துடைக்கறவன் கை கட்டியாச்சு. சொன்ன சொல்லு அழியவே மாட்டேங்குது. கேட்டுட்டே இருந்தா என்ன ஆகும்? கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் ஊத்தும். தசை துடிச்சுத் துடிச்சுக் கடைசில சோர்ந்து உழுந்துடும். மூச்சு விடறதும் தசைதானுங்க."

"அந்த ஊசி?"

"அது முடிச்சை அவுக்காது. சுரப்பியோட காதைப் பொத்தும், அவ்வளவுதான். வேர்வை நின்னுடும். தசையோட காதைப் பொத்தாது. முடிச்சு அப்படியேதான் இருக்கும்."

அவிழ்க்கிற மருந்து வேறு உண்டு என்றார். தொங்குகிற வாலைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அவிழ்ந்தது. மறுபடி முடிந்தார். இந்த முறை கத்தரியை எடுத்து இரண்டு வாலையும் முடிச்சோடு ஒட்ட வெட்டிவிட்டார்.

"நேரம் போகப் போக விசம் தன்னோட ஒரு துண்டைத் தானே உதுத்துடும். சில மருந்து ஒரு நாள் எடுத்துக்கும். சிலது கொஞ்ச மணிநேரம். உதுத்துட்டா முடிச்சு இறுகிப் போயிடும். இப்ப அவுங்க."

நகத்தால் நோண்டினேன். பிடிக்க ஒன்றும் இல்லை.

"அப்புறம்?"

"அந்த ஆள் போனவன்தானுங்க. உடம்பு புதுசா ஆள் உண்டாக்கணும். உண்டாக்கிடும். ஆனா நாளாகும். அதுவரைக்கும் மூச்சை நாமதான் பார்த்துக்கணும்."

அதற்காகத்தான் அந்தச் சோதனை. வேர்வை நின்ற பிறகும் நாலு நாள், காலை, மதியம், மாலை. தலையணையை எடுத்துவிட வேண்டும். மல்லாந்து படுத்தபடி தலையை மட்டும் தூக்கச் சொல்ல வேண்டும். ஐந்து எண்ணும் வரை தூக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் கழுத்துதான் போகும். கழுத்து போனால் அடுத்தது மூச்சு. நடுவில் அதிக நேரம் இருக்காது. பேச்சு நன்றாக இருக்கும், கை கால் அசையும், கஞ்சி குடிப்பார்கள். கழுத்து மட்டும் வராது.

அன்றிலிருந்து நான் தலையைத் தூக்கச் சொல்லாமல் ஒரு கட்டிலையும் தாண்டியதில்லை.

என் தங்கச்சி பாக்கியம் ஏலத் தோட்டத்தில் வேலை செய்தாள். அவள் வீட்டுக்காரர் வேலுச்சாமி அதே தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். எனக்கு மாப்பிள்ளை முறை. சாராயம் தொடாத ஆள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து ஜீப்பில் அவரைக் கொண்டுவந்தார்கள். முதுகில் மாட்டுகிற பம்பின் வாஷர் போயிருக்கிறது. காலையிலிருந்து மருந்து முதுகில் ஒழுகியிருக்கிறது. மழைக்குப் போட்ட சாக்கு அதைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. மத்தியானம் வாந்தி. சூப்பர்வைசர் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து ஸ்டோரில் படுக்க வைத்திருக்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது, நல்லதுதான், போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பேச்சு குழறிய பிறகுதான் ஜீப்.

நான்தான் கழுவினேன். முதுகில் பம்பின் வார்ப்பட்டைத் தடம் சிவப்பாக இருந்தது.

"குளுருது மச்சான்."

"கொஞ்ச நேரம் பொறுங்க மாப்ள."

டாக்டரம்மா சாக்கை மோந்தார். எத்தனை மணிக்கு அடிக்க ஆரம்பித்தார் என்று கேட்டார். காலையில் என்றார் சூப்பர்வைசர். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அவிழ்க்கிற மருந்தையும் தொங்கவிடச் சொன்னார். என்னைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினார். அது நேரம் தாண்டிவிட்டது என்பதற்கு.

அன்று மாப்பிள்ளையின் கையை நான் கட்டினேன். அவர் கட்டிலில் படுத்தபடி பம்பு அடித்துக்கொண்டிருந்தார். வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. "யோவ் மச்சான், பம்பை இறக்குய்யா. கையைக் கட்டிப்புட்டா எவன்யா அடிக்கிறது, உங்க அப்பனா?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். பாக்கியமும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை தெளிந்துவிட்டார். வேர்வை இல்லை. வாய் காய்ந்து கிடந்தது. கட்டை அவிழ்த்தேன். பாக்கியம் துண்டைக் காட்டினாள். "சொட்டு இல்லண்ணே." தலையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். ஐந்து எண்ணினேன். நின்றது.

அதற்குள் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வேலுச்சாமி மருந்தைக் குடித்துவிட்டார் என்று. போலீஸ்காரர் ஒருவர் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், வழக்கமாகப் போவதுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கவிதாவைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். பையனுக்கு டிராக்டர் கம்பெனியில் வேலை. நாள் மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். விஷ வார்டில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

மாப்பிள்ளைதான் முதலில் சொன்னார். "நான் வீட்டுக்குப் போறேன் மச்சான்."

"நாலு நாள் இருக்கணும்."

"எதுக்கு? நல்லாத்தான இருக்கேன். வாயால குடிக்கலைன்னு சொன்னா எவன் நம்புறான்? லயத்துல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் என் கால்ல நடந்து போகணும். எல்லாவனும் பார்க்கணும். வர்றவுகளுக்கு முன்னால சட்டை போட்டு உக்காரணும். அதுக்கப்புறம் நீங்க கூப்பிட்டா வந்து படுத்துக்கிறேன்."

டாக்டரம்மா பாக்கியத்தை டியூட்டி அறைக்குக் கூப்பிட்டார். அதே இரண்டு பட்டை. எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னார். வாலை வெட்டிய முடிச்சை அவள் கையில் கொடுத்தார். பாக்கியம் ஏலக்காய் பறிக்கிறவள், விரல் கூர்மை. நகத்தால் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். வரவில்லை.

"புரியுதுங்களா? வேர்வை நின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இன்னும் ரெண்டு மூணு நாள்ல கழுத்து போகலாம். போகாமலும் இருக்கலாம். போச்சுன்னா நீங்க இங்க இருக்கணும்."

பாக்கியம் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரியுது டாக்டரம்மா. பொய்யுன்னு சொல்லலை. ஆனா இந்த முடிச்சை எடுத்துட்டுப் போயி நான் ஊருக்குக் காட்ட முடியுமா?"

டாக்டரம்மா கையை நீட்டி முடிச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் ஜீப் கொண்டுவந்தார். சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். போகும் முன்னால் படுக்க வைத்துத் தலையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். கொஞ்சம் நடுங்கியது. டாக்டரம்மா, "நான் சொல்றது கேக்கறீங்களா, போகாதீங்க" என்றார். மாப்பிள்ளை கும்பிட்டார். போய்விட்டார்.

நானும் லீவு போட்டுப் பின்னால் போனேன். தாய்மாமன் இல்லாமல் பெண் பார்க்கிறது நடக்காது.

அவர் சொன்னபடியே செய்தார். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னார். வெள்ளைச் சட்டை. வரிசை வீடுகளின் முன்னால் தனியாக நடந்தார். "என்ன மாரியப்பா, சாப்பிட்டியா?" "என்னத்தா, கோழி முட்டையிடுதா?" என்று வாசலுக்கு வாசல் நின்று கேட்டார். ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். பாக்கியம் பின்னால் வந்தாள். அன்றைக்கு அவள் நடந்த நடையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கம்பத்துக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். வேலுச்சாமி மாப்பிள்ளையைச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். பையனின் அப்பா வேடிக்கையாகப் பேசுகிறவர். ஏலக்காய் விலை ஏறியிருக்கிறதே, சீர்வரிசையை ஏலக்காயாகவே கொடுத்துவிடுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் ஏதோ பதில் சொன்னார். குரல் மூக்கால் வந்தது.

கவிதா காபித் தட்டைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா டம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். தலை மெதுவாக முன்னால் சரிந்தது.

"என்ன சம்பந்தி, பொண்ணைக் குடுக்கிற வருத்தம் இப்பவே வந்திருச்சா? தலையைத் தொங்கப் போட்டுட்டீக."

மறுபடி சிரிப்பு. அவர்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அடுத்தவள் காதில் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "காலையிலயே ஊத்திக்கிட்டாரு போல."

மாப்பிள்ளை இடது கையை மடக்கித் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்து முகத்தை நிமிர்த்தினார். நிமிர்த்தி அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கையைப் பார்த்தவுடன் நான் எழுந்துவிட்டேன்.

"மாப்ள, படுங்க."

"என்ன மச்சான், சபையில..."

"பாயைப் போடு பாக்கியம்."

அவள் போடவில்லை. நின்றாள். நானே விரித்தேன். அவரைத் தூக்கி மல்லாக்கப் படுக்க வைத்தேன். வேனில் வந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"தலையைத் தூக்குங்க."

நெற்றி நரம்பு புடைத்தது. தோள் அசைந்தது. தலை பாயோடு கிடந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. பாக்கியம் அப்போதுதான் கீழே உட்கார்ந்தாள். அவர் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிவிடப் பார்த்தாள். "தூக்கிட்டாருண்ணே, பாரு, தூக்கிட்டாரு" என்றாள்.

எங்கள் ரோடு எல்லோருக்கும் தெரியும், குழியும் மேடும். ஜீப்பில் அவர் தாடையை நான் தூக்கிப் பிடித்திருந்தேன். பாதி வழியில் மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்து நின்றது. வாயோடு வாய் வைத்து ஊதினேன். வளைவுகளில் வாய் விலகிவிடும். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா வாசலில் நின்றார். உடனே டியூப் போட்டார். எங்களிடம் மூச்சு மெஷின் ஒன்றுதான். அதில் வேறு தோட்டத்துப் பெண் ஒருத்தி கிடந்தாள். அதனால் பலூன் பையைக் கையால் பிழிந்தோம். பிழிந்து விட வேண்டும், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும், மறுபடி பிழிய வேண்டும். அவசரப்படக் கூடாது. கணேசன் அப்போது புதிது. அவன் பிழிந்தான், நான் பிழிந்தேன். கை மரத்தபோது பாக்கியம் வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா அவள் பக்கத்தில் நின்று, "பிழிங்க, விடுங்க... பிழிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தார். அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சொல்வதை நிறுத்தவில்லை. "பிழிங்க, விடுங்க."

அடுத்த நாள் மெஷின் காலியானது. எப்படிக் காலியானது என்று எழுத வேண்டியதில்லை.

டாக்டரம்மா சொன்னது ஒன்றும் பொய்யாகவில்லை. சில நாள் கழித்து மாப்பிள்ளையின் நெஞ்சு தானாக அசைய ஆரம்பித்தது. மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள், மூச்சு தானாக ஓடியது. உடம்பு புது ஆட்களை உண்டாக்கிவிட்டது. துடைக்கிற வேலை ஒழுங்காக நடந்தது. அவர்தான் இல்லை. ரோட்டில் போன மூச்சோடு போய்விட்டிருந்தார். கண் திறந்திருக்கும். பாக்கியம் கூப்பிட்டால் திரும்பாது. பிறகு சளி கட்டியது, காய்ச்சல் வந்தது, முடிந்தது.

கம்பத்துக்காரர்கள் திரும்ப வரவில்லை. லயத்தில் என்ன பேசினார்கள் என்றால், வேலுச்சாமி இரண்டு தரம் குடித்தார் என்றார்கள். முதல் தரம் பிழைத்து வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவமானமாகி மறுபடி குடித்துவிட்டார் என்று. அவர் வாசல் வாசலாக நடந்ததைச் சொல்லித்தான் இதைச் சொன்னார்கள். நன்றாக நடந்து போன மனிதன் திடீரென்று ஏன் விழ வேண்டும் என்று கேட்டார்கள். நான் சிலருக்குச் சொல்லிப் பார்த்தேன். அணு, இரண்டு பேரும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்வது, வால் வெட்டிய முடிச்சு. கேட்டார்கள். தலையாட்டினார்கள். "அதென்னமோப்பா" என்றார்கள்.

டாக்டரம்மா அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல இருந்தார். மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பட்டைகளை மறுபடி யாருக்கும் எடுத்துக் காட்டி நான் பார்க்கவில்லை. ஒருமுறை நானே ஏன் என்று கேட்டேன்.

"காட்டுனா மட்டும் நாலு நாள் இங்க இருப்பாங்களா பொன்னையா?" என்றார்.

இருக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும்.

நான் ஓய்வு பெறும் வரை அதே வார்டில்தான் வேலை செய்தேன். எத்தனையோ பேரைக் கழுவினேன். பாதிப் பேருக்கு மேல் நடந்து வீட்டுக்குப் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. புதிய பிள்ளைகள் அதைக் கேட்க விரும்புவார்கள். ஞாபகம் இல்லாததை எழுத முடியாது.

கவிதா திருப்பூரில் தைக்கிறாள். பாக்கியம் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். முன்பு பறித்தாள், இப்போது மருந்து அடிக்கிற கும்பலில் போட்டிருக்கிறார்கள். பெரிய டிரம்மில் மருந்து கலந்து மெஷின் வைத்து அடிக்கிறார்கள். இவள் டியூபை இழுத்துக் கொடுக்கிறாள். டியூபில் ஒட்டுப் போட்ட இடத்தில் கசியும். கையுறை போட்டுக்கொள் என்றால், வழுக்குதுண்ணே என்பாள். வேறு வேலை பார் என்றால், எங்கண்ணே என்பாள். வேறு வேலை இல்லை.

விடுமுறை நாளில் என் வீட்டுக்கு வருவாள். பையைக் கீழே வைப்பாள். தண்ணீர் குடிப்பாள். நான் பாயை விரிப்பேன்.  அவள் மல்லாந்து படுத்து, கண்ணைக் கூரையில் வைத்து, தலையைத் தூக்குவாள். நான் எண்ணுவேன்.

"போதுமாண்ணே?"

"இரு."